பதினாறு மணி நேரமா, ஒரு பொழுதா, ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் இழுப்பதா?

கேள்வி (முதலியார்பேட்டை, புதுச்சேரி): வயது 42, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், எடை 78. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, மாத்திரை இன்னும் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்தில் எல்லோரும் பதினாறு-எட்டு (எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட்டு, மீதிப் பதினாறு மணி நேரம் சும்மா இருப்பது) என்கிறார்கள். அத்தை, கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் ஒழுங்காக இருந்தாலே போதும் என்கிறார். யூடியூபில் ஒருவர் மூன்று நாள் வெறும் தண்ணீர் என்கிறார். எனக்கு என்னவோ பட்டினி நேரம் கூடக் கூட பலனும் கூடும் என்றுதான் தோன்றுகிறது. எதை எடுக்கலாம்?

22 செப்டம்பர் 2024

நேரம் கூடினால் பலன் கூடும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். அந்தக் கணக்கில் இறங்கியவர்கள் பதினாறில் தொடங்கி, பதினெட்டு, இருபது, ஒரே வேளை என்று போய், ஒரு நாள் எல்லாவற்றையும் கைவிட்டுப் பழைய எடைக்கே திரும்புவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வேலை புதுச்சேரியில். சாயங்காலம் பஸ் பிடித்து, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி, வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். நான் பதினாறு-எட்டு தொடங்கியபோது எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், காலை டிபனை விட்டேன். மதியம் ஒரு மணிக்கு முதல் சாப்பாடு, ராத்திரி ஒன்பதுக்குக் கடைசி. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பது ரொம்பப் பேருக்குத் தெரியவில்லை. கல்லீரலில் சுமார் 100 கிராம் அளவுக்கு கிளைகோஜன் என்ற பெயரில் சர்க்கரை சேமிப்பில் இருக்கிறது, தசைகளில் அதைவிடக் கூடுதலாக. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு தள்ளிப்போகும்போது முதலில் கரைவது இதுதான், கூடவே அந்தத் தண்ணீரும் போகிறது. எடை இயந்திரத்துக்குத் தண்ணீரும் கொழுப்பும் ஒன்றே. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும், காலை டிபனை மட்டும் ஒரு வாரம் விட்டால் அது வந்துவிடாது.

2020-இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பிரிவினர் மதியம் 12 முதல் ராத்திரி 8 வரை மட்டும் சாப்பிட வேண்டும், இன்னொரு பிரிவினர் வழக்கம்போல மூன்று வேளை. 12 வாரம் கழித்து முதல் பிரிவில் சராசரியாக 0.94 கிலோ குறைந்திருந்தது, இரண்டாவதில் 0.68. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எவ்வளவு சாப்பிடலாம் என்று யாருக்கும் சொல்லவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினார்கள். நேரத்தை மட்டும் மாற்றினால் இவ்வளவுதான் கிடைக்கும்.

24 செப்டம்பர் 2024

"அப்படியானால் எல்லாம் ஏமாற்றா?" என்று வில்லியனூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே கலோரி அளவு. ஒரு பிரிவு காலை 8 முதல் மாலை 4 வரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், மற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். முதல் பிரிவில் 8 கிலோ, இரண்டாவதில் 6.3 கிலோ. அந்த வித்தியாசமும் தற்செயலாக வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பிரிவிலும் எடை குறைந்திருக்கிறது, ஏனென்றால் தட்டில் விழுந்தது குறைந்திருக்கிறது.

ஆக விரதத்தின் பயன் என்று நான் நம்புவது ஒன்றுதான்: சிலருக்கு ஒவ்வொரு கரண்டியாக அளப்பதைவிட, இத்தனை மணிக்கு மேல் அடுக்களைப் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொள்வது சுலபம். எனக்கு அப்படித்தான். என் தங்கைக்கு நேர் எதிர், நேரம் வைத்தால் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கும், அவளுக்குச் சின்னத் தட்டு போதும்.

29 செப்டம்பர் 2024

நேற்று புரட்டாசி சனிக்கிழமை, திருவந்திபுரத்தில் நல்ல கூட்டம். மலையேறி இறங்கி வரும்போது உங்கள் அத்தை சொன்னதுதான் மனதில் ஓடியது.

நம் வீடுகளில் ஒரு பொழுது என்றால் என்ன நடக்கிறது? காலையில் காபி மட்டும். மதியம் இலை போட்டு சாதம், சாம்பார், கூட்டு, வடை, பாயசம், அப்பளம். ராத்திரி "பலகாரம்", அதாவது இட்லியோ தோசையோ ரவா உப்புமாவோ, நடுவில் இரண்டு வாழைப்பழம். சோற்றை ஒரு வேளை விட்டோமே தவிர மாவுச்சத்தை விடவில்லை. வடக்குப் பழக்கம் பார்த்து இப்போது ஜவ்வரிசி உப்புமா வேறு வந்துவிட்டது. ஜவ்வரிசி முழுக்க முழுக்க மாவு, நார்ச்சத்தோ புரதமோ பேருக்குக்கூட இல்லை. சர்க்கரை எல்லையில் இருப்பவர் விரத நாளில் அதைச் சாப்பிட்டால் மற்ற நாளைவிட அளவு ஏறத்தான் செய்யும்.

இதனால் நம் விரதம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அவை எடைக்காக ஏற்பட்டவை இல்லை, சாமிக்காக ஏற்பட்டவை. அதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் அதற்கு மரியாதை. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஏகாதசி மறுநாள் விரதத்தை முடிக்கும் சாப்பாடான பாரணையை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று கீரையிலும் கசப்பிலும் புளிப்பிலும் தொடங்குகிறார்கள். பட்டினிக்கு அப்புறம் முதல் வாய் நார்ச்சத்தாக இருந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். வெறும் வயிற்றில் கேசரியில் தொடங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

6 அக்டோபர் 2024

வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல, இரண்டு நாள் குறைவாக என்ற ஐந்து-இரண்டு முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012-இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றின் வழியே உலகம் முழுக்கப் பரவியது இது. குறைவான நாளில் பெண்களுக்கு 500 கலோரி, ஆண்களுக்கு 600. நானும் இருந்து பார்த்தேன். காலையில் ஒன்றும் இல்லை, மதியம் கொள்ளு சுண்டலும் வெள்ளரிக்காயும் நீர்மோரும், ராத்திரி ஒரு முட்டை, கொஞ்சம் கீரை. பகல் ஓடிவிடும். சாயங்காலம் பஸ்ஸில் நிற்கும்போது தலைவலி வரும், எரிச்சல் வரும், வீட்டில் பிள்ளைகளிடம் குரல் உயரும். மறுநாள் காலை பசி அவ்வளவு மோசம் இல்லை, அது எனக்கு ஆச்சரியம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருப்பது இதற்கு அடுத்த படி. 2017-இல் வெளிவந்த ஒரு வருட ஆய்வு, மொத்தம் 100 பேர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருந்தவர்களுக்கு எடையில் 6 சதவீதம் குறைந்தது, தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு 5.3 சதவீதம். இதைவிட முக்கியமான எண்ணிக்கை ஒன்று அதில் இருக்கிறது. முதல் பிரிவில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகிவிட்டார்கள், இரண்டாவதில் 29. எந்த முறை சிறந்தது என்று கேட்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கழித்தும் நீங்கள் அதில் இருப்பீர்களா?

7 அக்டோபர் 2024

காபி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பாலும் சர்க்கரையும் போட்ட டிகிரி காபி சாப்பாட்டுக் கணக்குதான். பால் விடாத கடுங்காப்பி, சர்க்கரை போடாத டீ, சீரகத் தண்ணீர் பரவாயில்லை.

3 நவம்பர் 2024

நேற்று கந்த சஷ்டி தொடங்கியிருக்கிறது. தெருவில் ஒரு வீட்டில் மிளகு விரதம், முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஆறு நாள். அவர்கள் பக்தியில் நான் தலையிடவில்லை. ஆனால் இதையே எடைக்காகச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்: கூடாது.

நீண்ட பட்டினியில் ஆபத்து பட்டினியோடு முடிவதில்லை, சாப்பிடத் தொடங்கும் நேரத்திலும் இருக்கிறது. பல நாள் வெறும் வயிற்றில் இருந்துவிட்டு திடீரென்று சோறும் இனிப்பும் உள்ளே போனால் இன்சுலின் ஒரேயடியாக எழும், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு அளவு சரியும், இதயத்துடிப்பே குழம்பலாம். உயிர் போகக்கூடிய விஷயம் இது. ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கு இன்னும் ஆபத்து.

382 நாள் சாப்பிடாமல் இருந்த ஸ்காட்லாந்துக்காரரின் கதையை ஒருவர் சான்றாகக் காட்டியிருக்கிறார். உண்மைதான், ஆங்கஸ் பார்பியரி, 1965-66, டண்டியில். அவர் தொடங்கியபோது எடை 207 கிலோ. மருத்துவர்கள் ரத்தம், சிறுநீர் பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள், வைட்டமினும் பொட்டாசியமும் கொடுத்தார்கள். அந்தச் சேமிப்பும் அந்தக் கண்காணிப்பும் இல்லாத நாம் அவரைக் காட்டி மூன்று நாள் தண்ணீரில் இருப்பது சரியில்லை.

நீண்ட பட்டினிக்கு அடுத்து காட்டும் காரணம், செல்கள் தங்களுக்குள் இருக்கும் கழிவைத் தாங்களே உடைத்துப் பயன்படுத்துவது, ஆட்டோஃபேஜி. ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு, அதுவும் ஈஸ்டில். பதினெட்டாம் மணியில் இது தொடங்கும், இருபத்து நான்கில் உச்சம் என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறார்களே, அந்த மணிக்கணக்கு அந்த நோபலில் இல்லை.

12 நவம்பர் 2024

இதை முதல் நாளே எழுதியிருக்கலாம். உங்களுக்கு மாத்திரை இல்லை என்பதால் தள்ளிப்போட்டேன். ஆனால் படிப்பவர்களில் பலருக்கு இருக்கும்.

என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரைக்கு கிளிமெப்பிரைடு போடுகிறார். போன ஆடிக் கிருத்திகைக்கு, விடிகாலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் இருந்தார். பதினொரு மணி வாக்கில் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். வீட்டு மீட்டரில் பார்த்தால் 54. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 82. அப்புறம் இரண்டு இட்லி கொடுத்தோம். "விரதம் கெட்டுப்போச்சே" என்று அழுதார். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். அதனால்தான் பட்டினியில் சர்க்கரை இறங்குகிறது. 70-க்குக் கீழே போனாலே அது இறக்கம்தான். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் வகை போடுபவர்களுக்கு வேறு சிக்கல்: சர்க்கரை கிட்டத்தட்ட சரியாகவே காட்டும்போதும் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆபத்தாகலாம். இன்சுலின் ஊசிக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் யாரும் மருத்துவரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. பல மருத்துவர்கள் மாற்றித் தருகிறார்கள், கேட்கத்தான் நாம் தயங்குகிறோம், "சாமி விஷயத்தை டாக்டரிடம் எப்படிச் சொல்வது" என்று.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வில் பெரியவர்களில் சர்க்கரை நோய் கோவாவில் 26.4 சதவீதம், அடுத்த இடம் புதுச்சேரிக்கு, 26.3. தமிழ்நாட்டில் 14.4. நான்கு பேருக்கு ஒருவர் சர்க்கரைக்காரராக இருக்கும் ஊரில் பட்டினியைப் பற்றிப் பொத்தாம்பொதுவாக யாரும் பேசக் கூடாது.

11 ஜனவரி 2025

நேற்று வைகுண்ட ஏகாதசி. கண் விழித்த களைப்போடு எழுதுகிறேன், ஆனால் நான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தது இதுதான்.

காலையை விடாதீர்கள், ராத்திரியை முன்னால் இழுங்கள்.

2018-இல் ஒரு சின்ன ஆய்வு, சர்க்கரை எல்லையில் இருந்த 8 ஆண்கள் மட்டும். ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்றுக்கு முன்பே கடைசிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், ஐந்து வாரம். எடை குறையாதபடி பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் இன்சுலின் வேலை செய்யும் திறனும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. எட்டே பேர், ஆகவே இதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஒரே சாப்பாட்டுக்குக் காலையில் ஏறும் சர்க்கரையைவிட ராத்திரியில் கூடுதலாக ஏறும் என்பது வேறு பல ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம்.

மூன்று மணிக்கு முடிப்பது நமக்கு ஆகாது. நான் செய்வது: இரண்டு டப்பா எடுத்துப் போகிறேன். இரண்டாவது டப்பாவை மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலேயே திறந்துவிடுவேன், இரண்டு சப்பாத்தி, கூட்டு, அவித்த முட்டை அல்லது சுண்டல். அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டு. பஸ் ஏறும் முன் பஜ்ஜிக் கடை வாசனை இப்போது என்னை ஒன்றும் செய்வதில்லை, அங்கே தவிர்த்த கலோரிதான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். காலை ஏழரைக்கு டிபன். எடை மறுபடி இறங்க ஆரம்பித்தது, மெதுவாக, தண்ணீர் எடை போல மளமளவென்று இல்லாமல். காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இறங்கியது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருவது ராத்திரி மட்டும்தான். "வேலைக்குப் போயிட்டு வந்த பொண்ணு சாப்பிடாம படுக்குறாளே" என்று அம்மா முதல் மாதம் முழுக்கப் புலம்பினார். இப்போது நீர்மோரை வைத்துக்கொண்டு கூடவே உட்காருகிறேன், பரிமாறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விதி கிடையாது, எல்லோரோடும் சாப்பிடுவேன்.

12 ஜனவரி 2025

நெய்வேலியில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு: நேற்று எழுதியது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் நல்ல சாப்பாடு, நள்ளிரவுக்கு மேல் முடிந்தவரை தண்ணீரும் மோரும், காலையில் இறங்கியதும் லேசான டிபன். இரவுப்பணியைப் போலவே அமைத்து 2021-இல் வெளியான ஆய்வில், பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை, ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்கு ஏறியது. வேலை கடினமானதாக இருந்து தலை சுற்றினால் சாப்பிட்டுவிடுங்கள் அண்ணா, அங்கே விழுந்தால் எந்த ஆய்வும் உதவாது.

12 பிப்ரவரி 2025

நேற்று தைப்பூசம், வடலூர் போய் வந்தோம். வள்ளலார் 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, வரிசையில் நின்று சாப்பிட்டவர்களில் எத்தனையோ பேருக்கு அன்றைக்கு அதுதான் முதல் வேளை. விரதத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அங்கே நின்றபோது மனது கனத்தது. சாப்பாடு நிச்சயமாக இருக்கும் வீட்டுக்குத்தான் இந்தப் பேச்செல்லாம்.

அதனால் இதையும் சேர்க்கிறேன். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், எடை ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள், சாப்பாட்டைக் கண்டு பயந்து ஒதுங்கும் நோய் முன்பு வந்தவர்கள், இவர்கள் எந்த முறையும் தொடங்க வேண்டாம். கல்லூரி போகும் பெண்கள் சிலர் மற்றவர்களைப் பார்த்து ஒரே வேளை சாப்பாட்டுக்கு இறங்கி, மாதவிடாய் தள்ளிப்போய் நிற்பதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். அம்மாக்கள் கவனியுங்கள்.

8 மார்ச் 2025

ரமலான் போய்க்கொண்டிருக்கிறது, தவக்காலமும் தொடங்கிவிட்டது, மாசி மகம் வரப்போகிறது. புதுச்சேரியில் இந்த மாதம் யாரைக் கேட்டாலும் ஏதோ ஒன்றில் இருக்கிறார்கள்.

கூட வேலை பார்க்கும் அக்கா நோன்பு வைத்திருக்கிறார். இங்கே சஹர் முதல் இஃப்தார் வரை ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம், தண்ணீரும் கிடையாது. "எடை குறைஞ்சுதா அக்கா?" என்று யாரோ கேட்க, "நோன்பு அதுக்கு இல்லம்மா" என்றார். சரியான பதில். ரமலானில் குறையும் கொஞ்சம் எடையும் அடுத்த சில வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் அவர் கொடுத்த நோன்புக் கஞ்சியைக் குடித்தபோது ஒன்று விளங்கியது: நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்து குழைந்து, சூடாக, மெதுவாக உள்ளே போகிறது. அதோடு கொஞ்ச நேரம் நிறுத்தினால் வயிறு அமைதியாகிவிடும். அடுத்த நிமிடமே சமோசாவும் சர்பத்தும் வந்தால்தான் கணக்கு மாறுகிறது.

20 ஏப்ரல் 2025

தசையைப் பற்றி எழுதாமல் விட்டது உறுத்துகிறது. முதல் குறிப்பில் சொன்ன 116 பேர் ஆய்வில், ஒரு பகுதியினருக்கு உடலின் கொழுப்பையும் தசையையும் தனித்தனியே அளந்தார்கள். நேரம் வைத்துச் சாப்பிட்டவர்களில் குறைந்த கொஞ்ச எடையிலும் பாதிக்கு மேல் கொழுப்பு இல்லாத பகுதி. நாற்பதுக்கு மேல் தசை போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம், சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பதும் தசைதான். இட்லி-தோசையை மட்டும் வைத்துக்கொண்டு வேளையைக் குறைத்தால் முதலில் அடி வாங்குவது இது.

எனவே வேளை குறைந்தாலும் புரதம் குறையக் கூடாது. கடந்த 15-ஆம் தேதி முதல் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நாட்டுப்படகு மீன்தான், விலை எட்டவில்லை. நாங்கள் முட்டை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தயிர் என்று ஓட்டுகிறோம். கூடவே ஏதாவது எடை தூக்குங்கள், உட்கார்ந்து எழுங்கள். கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரத்தில் நடப்பது நல்லதுதான், சாப்பிட்ட பிறகு நடந்தால் சர்க்கரைக்கு இன்னும் நல்லது, ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது.

4 மே 2025

முதலியார்பேட்டை சகோதரி எழுதியிருக்கிறார்: மாலை ஆறரைக்குள் முடிக்கிறாராம், எடை 74-க்கு வந்திருக்கிறது, "மூன்று மாத சராசரி சர்க்கரையை இப்போதே பார்க்கலாமா, முறையைத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது" என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது, பழைய மாதங்களின் கணக்கும் உள்ளே இருக்கும். ஜூலையில், முன்பு எடுத்த அதே கூடத்தில் எடுங்கள். ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணிக்கையே மாறிக் காட்டலாம், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். இன்று கத்திரி வெயில் தொடங்குகிறது, சாப்பிடாத நேரத்திலும் தண்ணீரை விடாதீர்கள். ஜூலையில் வந்த எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.